த்ராட்டில் பாடி மாற்றிய பிறகு ஐட்லிங் நிற்கவில்லையா? முதலில் காற்று, பிறகுதான் கற்றல்

இன்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு தகட்டால் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைப் புதிதாகப் பொருத்தி, போல்ட்டெல்லாம் முடுக்கிச் சாவியைத் திருப்பினால் இன்ஜின் 1,800 ஆர்பிஎம்மில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கிறது. சில வண்டிகளில் 1,000க்கும் 1,800க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. இன்னும் சிலவற்றில் ஓடும்போது எந்தக் குறையும் தெரியாது, சிக்னலில் கிளச்சை மிதித்ததும் பட்டென்று ஆஃப் ஆகும். இந்த மூன்றில் எது வந்தாலும் பெரும்பாலானவர்கள் முதலில் சந்தேகப்படுவது புதுப் பாகத்தைத்தான். கழற்றி இன்னொன்று வாங்கிப் போடுவார்கள், அதுவும் அப்படியே செய்யும். குற்றம் பாகத்தில் இருப்பது குறைவு. ஒன்று, ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இன்னும் பழைய பாகத்தின் கணக்கையே மனதில் வைத்திருக்கிறது. அல்லது வேலை செய்தபோது எங்கோ ஒரு வழி திறந்துகொண்டு இன்ஜின் ஏர் இழுக்கிறது. இரண்டும் ஒரே அறிகுறியைக் காட்டும், மருந்து மட்டும் வேறு. ஏர் இழுக்கும் வண்டிக்கு, புதுப் பாகத்தின் கணக்கை ஈசியுவில் பதியவைக்கும் கற்றல் முறையைச் செய்தால், தப்பான கணக்கைத்தான் ஈசியுவுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அதனால் இந்த வரிசையை மாற்றவே கூடாது.

ஈசியு எதை நினைவில் வைத்திருக்கிறது என்று பார்ப்போம். ஐட்லிங்கில் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியே இருக்கும். தகட்டின் விளிம்புக்கும் துளைச் சுவருக்கும் இடையே இருக்கும் மெல்லிய இடுக்கு வழியாகத்தான் காற்று போகிறது. நாளாக ஆக அந்த இடுக்கில் கரி படியும். காற்று குறைந்து ஐட்லிங் தாழப் பார்க்கும்போது, ஈசியு தகட்டைச் சற்றுக் கூடுதலாகத் திறந்து சரிசெய்யும். இது மாதக்கணக்கில் மெதுவாக நடப்பதால் ஓட்டுபவருக்குத் தெரிவதே இல்லை. இப்போது கரியே இல்லாத புதுப் பாகத்தை மாட்டுகிறோம். ஈசியு பழைய திறப்பு அளவையே கொடுக்கிறது. சுத்தமான துளையில் அதே திறப்புக்கு அதிகக் காற்று போகும், அதற்குத் தக்க பெட்ரோலும் போகும், ஆர்பிஎம் ஏறும். பழையதைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினாலும் இதே கதைதான். இன்னொன்றும் உண்டு. தகட்டின் திறப்பை ஈசியுவுக்குச் சொல்லும் பொசிஷன் சென்சார், தகடு முழுதாக மூடிய நிலையில் தரும் வோல்டேஜ் ஒவ்வொரு பாகத்திலும் சில மில்லிவோல்ட் மாறும். புதியதன் 'மூடிய புள்ளி' எது என்று தெரியாமல் ஈசியுவால் மற்ற திறப்புகளைச் சரியாகக் கணிக்க முடியாது.

ஒயர் மூலம் இயங்கும் த்ராட்டிலில் (பெடலுக்கும் தகட்டுக்கும் நடுவே கேபிள் இல்லாமல் மோட்டாரால் திறப்பது) ஏர் கசிவையும் கற்றல் நடக்காததையும் பிரித்துப் பார்க்க ஒரு சாதாரண ஸ்கேனரே போதும். இன்ஜினை முழுதாகச் சூடாக்கி, ஏசி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்து, லைவ் டேட்டாவில் த்ராட்டில் திறப்பையும் ஆர்பிஎம்மையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈசியு தகட்டை முடிந்த மட்டும் மூடிவிட்டது, அப்படியும் ஆர்பிஎம் இறங்கவில்லை என்றால் காற்று வேறு வழியில் நுழைகிறது. தகடு தேவைக்கு மேல் திறந்தபடி நிற்கிறது, ஆர்பிஎம்மும் உயர்ந்திருக்கிறது என்றால் கற்றல் நடக்கவில்லை. ஐட்லிங்கில் இக்னிஷன் டைமிங்கையும் (தீப்பொறி விழும் நேரம்) ஒரு கண் பாருங்கள். வழக்கத்தைவிட மிகவும் பின்தள்ளப்பட்டிருந்தால், வேண்டாத காற்றால் ஏறும் ஆர்பிஎம்மை அடக்க ஈசியு போராடுகிறது என்று பொருள். பி0507 என்ற கோடு (ஈசியு பதியும் பிழைக் குறியீடு) ஐட்லிங் எதிர்பார்த்ததைவிட உயரம் என்பதையும், பி0506 தாழ்வு என்பதையும் சொல்லும். காரணத்தை அவை சொல்லாது. பி0507 வந்ததாலேயே இன்னொரு த்ராட்டில் பாடிக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

சீராக ஏறி இறங்கும் வண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் பெட்ரோல் பம்பின் பக்கம் வழிதவறிப் போகிறார்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்த நிலையில் ஆர்பிஎம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால், வண்டி இறக்கத்தில் உருள்கிறது என்று எண்ணி ஈசியு பெட்ரோலை நிறுத்திவிடும். ஆர்பிஎம் விழும். கீழ் எல்லையைத் தொட்டதும் பெட்ரோலைத் திரும்பக் கொடுக்கும். உள்ளே காற்று மிகுதியாக இருப்பதால் மறுபடியும் ஏறும், மறுபடியும் வெட்டு. மூச்சு விடுவதுபோல் ஒரே தாளத்தில் இது நடந்தால் எரிபொருள் பற்றாக்குறை என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் காற்று மிகுதி.

இனி ஏர் எங்கே இழுக்கிறது என்று தேடுவோம். முதல் இடம் கேஸ்கட். பழைய கேஸ்கட்டையே திரும்பப் போடுவது, பழையதன் துணுக்கு ஒன்று மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) முகத்திலேயே ஒட்டியிருப்பது, ரப்பர் வளையம் பள்ளத்தில் உட்காமல் ஓரத்தில் நசுங்குவது, இவை மூன்றும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அலுமினிய முகத்தை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் விழும் கீறலே ஒரு கசிவு வழியாகிவிடும். பிளாஸ்டிக் சுரண்டியும் கொஞ்சம் கிளீனரும் துணியும் போதும். கேஸ்கட்டோடு சிலிக்கான் பேஸ்ட் தடவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பிதுங்கிய பேஸ்ட் உள்ளே போகும், சில வகைப் பேஸ்ட்டின் ஆவி ஆக்சிஜன் சென்சாரையும் கெடுக்கும். போல்ட்டைப் பொறுத்தவரை, வழக்கமான 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பல வண்டிகளில் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான் அளவு. உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டு அளவைப் பார்த்து, குறுக்குக் குறுக்காக, இரண்டு சுற்றில் முடுக்குங்கள். நீளக் கைப்பிடி போட்டு இறுக்கினால் பிளாஸ்டிக் மேனிஃபோல்டில் பதித்த பித்தளை மரை பிடுங்கிக்கொண்டு வரும். இல்லையென்றால் த்ராட்டில் பாடியே இம்மி வளைந்து தகடு சுவரில் உரசும். உரசும் தகடு ஒரு தடவை முழுதாக மூடும், மறு தடவை மூடாது. அந்த நிலையில் எந்தக் கற்றலும் நிலைக்காது.

அடுத்தது ஹோஸ்கள். இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் ஆவியைக் கொண்டுவரும் பிசிவி ஹோஸ், பெட்ரோல் ஆவியைக் கொண்டுவரும் பர்ஜ் ஹோஸ், பிரேக் மிதிப்பை எளிதாக்கும் பிரேக் பூஸ்டரின் ஹோஸ் எல்லாம் இந்தப் பக்கத்திலேயே இருக்கும். பல வருடச் சூட்டில் விறைத்துப்போன ரப்பரை இழுத்துக் கழற்றும்போதுதான் விரிசல் விழுகிறது. மாட்டியபின் மேலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் தெரியும், விரிசல் அடிப்பக்கத்தில் இருக்கும். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் மடிப்புக் குழாயையும் கையால் விரித்து, ஒவ்வொரு மடிப்பின் அடியையும் பாருங்கள். உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃபுளோ சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே நுழையும் காற்று, அளவுக்கு வராத காற்று. அது கலவையை வறட்சியாக்கி ஐட்லிங்கை நடுங்கவைக்கும். அந்த சென்சாரின் கனெக்டரைத் திரும்பச் சொருக மறப்பதும் நடக்கிற விஷயம்தான்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கும் முன், கசிவு உண்டா என்று ஃபியூயல் ட்ரிம் (ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) சொல்லும். மாஸ் ஏர்ஃபுளோ சென்சார் உள்ள வண்டியில் குறுகிய கால, நீண்ட கால ட்ரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். ஐட்லிங்கில் +20 சதவீதம் வந்து, 2,500 ஆர்பிஎம்மில் வைத்ததும் +5க்கு இறங்கினால் அது வேக்யூம் லீக்கின், அதாவது ஏர் கசிவின், கையெழுத்து. தகடு திறக்கத் திறக்க மொத்தக் காற்றில் கசிவின் பங்கு சுருங்குகிறது, அதனால்தான் இந்த இறக்கம். இரண்டு நிலையிலும் உயர்ந்தே நின்றால் பெட்ரோல் அழுத்தம், அழுக்கான சென்சார் என்று வேறு பக்கம் தேட வேண்டும். மேனிஃபோல்டு அழுத்த சென்சாரை மட்டும் நம்பும் வண்டியில் இந்தக் கணக்கு செல்லாது. கசிந்து வந்த காற்றும் அழுத்தமாகப் பதிவாகி அதற்கும் பெட்ரோல் கொடுக்கப்படுவதால், ட்ரிம் பெரிதாக அசையாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறும். அத்தகைய வண்டியில் மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பாருங்கள். கடல் மட்டத்தில், சூடான ஐட்லிங்கில் பெரும்பாலான இன்ஜின்களில் அது சுமார் 30 முதல் 40 கிலோபாஸ்கல் இருக்கும்.

இடத்தைக் குறிப்பாகக் காட்டுவது புகைக் கருவிதான். குறைந்த அழுத்தத்தில் உள்ளே புகையை அனுப்பினால் கசியும் இடத்தில் நூல் மாதிரி எழும். அது இல்லாத இடத்தில் கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்து ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். அது எளிதில் தீப்பற்றும் திரவம். சைலன்சர் மேனிஃபோல்டு தகிக்கும்போது தாராளமாகத் தெளிப்பது விபத்தில் முடியும். தெளித்தே ஆக வேண்டுமென்றால் இன்ஜின் மிதமான சூட்டில், நுண்குழாயால், ஒரு இணைப்புக்கு ஒரு சொட்டு அளவு, பக்கத்தில் தீயணைப்பானோடு. கேஸ்கட் ஓரத்துக்கு வெறும் தண்ணீரைத் தெளிப்பானில் நிரப்பி விசிறினாலும் பல நேரம் போதும். நீர் இடுக்கை அடைக்கும் அந்த ஓரிரு விநாடி ஆர்பிஎம் இறங்கும், சீறல் ஒலி மாறும். கனெக்டர்களை மட்டும் மூடிக்கொள்ளுங்கள். பிரேக் பூஸ்டரைச் சோதிக்க அதன் ஹோஸை இடுக்கியால் மென்மையாக நெரித்துப் பார்க்கலாம். நெரித்ததும் ஐட்லிங் சரியானால் பூஸ்டரின் உள் சவ்வு கிழிந்திருக்க வாய்ப்புண்டு. அப்போது ஐட்லிங்கை மறந்துவிட்டு முதலில் பிரேக்கைக் கவனியுங்கள்.

காற்று வழி எல்லாம் அடைபட்டது உறுதியான பிறகுதான் கற்றல். அதற்கு முன் நிபந்தனைகள். கோடு எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. பேட்டரி நல்ல நிலையில் இருக்க வேண்டும். ஏசி, ஹெட்லைட், பின்கண்ணாடிச் சூடாக்கி எல்லாம் அணைந்திருக்க வேண்டும், ஸ்டீயரிங் நேராக இருக்க வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் சுழலும் நேரத்தைத் தவிர்ப்பதும் நல்லது. கற்றல் தோற்றுப்போகும் வண்டிகளில் முறையில் தவறு இருப்பதைவிட இந்த நிபந்தனைகளில் ஒன்று விட்டுப்போயிருப்பதே அதிகம். அதிலும் முக்கியமாக, ஒருநாள் முழுக்க வேலை நடந்து இறங்கிப்போன பேட்டரி.

பல நிசான் மாடல்களில் கற்றல் மூன்று படி. முதல் படி ஆக்சிலரேட்டர் பெடலுக்கு. காலை வைக்காமல் சாவியை ஆன் செய்து 2 விநாடி, ஆஃப் செய்து 10 விநாடி, மறுபடியும் ஆனில் 2, ஆஃபில் 10. இரண்டாவது, தகட்டின் மூடிய நிலைக்கு. சாவியை ஆன் செய்து ஆஃப் செய்துவிட்டு 10 விநாடி காத்திருந்தால் தகடு அசையும் மெல்லிய மோட்டார் சத்தம் கேட்கும். கேட்கவில்லையென்றால் மேலே போகாதீர்கள். மூன்றாவதுதான் ஐடில் காற்றளவுக் கற்றல். கூலன்ட் 70 முதல் 100 டிகிரிக்குள் இருக்க வேண்டும், இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது பேட்டரி 12.9 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும், கியர் நியூட்ரலிலோ பார்க்கிலோ. இன்ஜினை அணைத்து 10 விநாடி கழித்துச் சாவியை ஆன் செய்யுங்கள். சரியாக 3 விநாடி கழித்து, 5 விநாடிக்குள் பெடலை ஐந்து முறை முழுதாக மிதித்து விடுங்கள். 7 விநாடி சும்மா இருங்கள். பிறகு முழுதாக மிதித்தபடியே பிடித்திருங்கள். ஏறக்குறைய 20 விநாடியில், மினுக்கிக்கொண்டிருந்த இன்ஜின் விளக்கு மினுக்குவதை நிறுத்தி நிலையாக எரியும். எரிந்த 3 விநாடிக்குள் காலை எடுத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்து 20 விநாடி ஐட்லிங்கில் விடுங்கள். விநாடிகளை மனதில் எண்ணினால் பிசகும், அதனால் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் அவசியம். முதல் தடவை வராவிட்டால் பதற வேண்டாம், பலருக்கு இரண்டாம் மூன்றாம் தடவையில்தான் கைகூடும். ஸ்கேனர் இதே வேலையை ஒரு பொத்தானில் முடிக்கும்.

ஹோண்டாவில் முறை சாந்தமானது. மின்சுமைகளை அணைத்து, நியூட்ரலில் 3,000 ஆர்பிஎம்மில் பிடித்து ரேடியேட்டர் ஃபேன் சுழலும் வரை சூடாக்கி, அதன்பின் பெடலைத் தொடாமல் சுமார் 5 நிமிடம் ஐட்லிங்கில் விட வேண்டும். நடுவே ஃபேன் ஓடிய நேரத்தை அந்த 5 நிமிடத்தில் சேர்க்கக் கூடாது. ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் இன்ஜின் ஓடாமல் சாவி ஆனில் மட்டும் இருக்க, ஸ்கேனரில் அடிப்படை அமைப்புக்குள் போய்ச் செய்ய வேண்டும். பழைய தலைமுறைகளில் ஒயர் வழி த்ராட்டிலுக்குக் குழு 060, கேபிள் வகைக்கு 098. தகடு கிர்ரென்று ஆடி அடங்கும்வரை பெடலைத் தொடாதீர்கள்.

பேட்டரியைக் கழற்றி மாட்டினால் தானாகச் சரியாகும் என்ற பேச்சு பாதிதான் உண்மை. சில வண்டிகளில் அது பழைய கணக்கை அழிக்கும், வண்டி இரண்டு மூன்று நாள் ஓட்டத்தில் தானே கற்றுக்கொள்ளும். மற்றவற்றில் அது எதையும் தீர்க்காது. கூடவே நீண்ட கால ஃபியூயல் ட்ரிம்மும் அழிந்துபோவதால், கசிவைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியையும் இழக்கிறோம். ட்ரிம் எண்களைக் குறித்துக்கொள்ளாமல் பேட்டரியில் கை வைக்காதீர்கள்.

கேபிள் வகை த்ராட்டிலில் தனி ஐடில் வால்வு இருக்கும். பழைய பாடியிலிருந்து வால்வை மாற்றும்போது அதன் காற்று வழியைச் சுத்தம் செய்யாமல் விடுவதும், அந்த வழிக்குத் துளையில்லாத வேறு மாடல் கேஸ்கட்டைப் போட்டு அடைத்துவிடுவதும் சிக்னலில் ஆஃப் ஆவதற்கு முக்கியக் காரணங்கள். பழைய ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வகை ஸ்டெப்பர் வால்வில் ஊசியின் நுனி, வால்வைப் பொருத்தும் முகத்திலிருந்து 28 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் அப்படியே திருகி ஏற்றாதீர்கள், வால்வு உடையும். கேபிளில் சிறிது தளர்ச்சி இருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் தகடு முழுதாக மூடாது. பெடலுக்கு அடியில் மடங்கிக் கிடக்கும் தரைவிரிப்பும் இதையே செய்யும். பொசிஷன் சென்சார் மூடிய நிலையில் பல வண்டிகளில் சுமார் 0.5 வோல்ட் தரும். மெதுவாகத் திறக்கும்போது எங்கும் துள்ளாமல் 4.5 வோல்ட்டை நோக்கி ஏற வேண்டும்.

தகட்டின் நிறுத்தத் திருகைப் பற்றி ஒரே வேண்டுகோள், அதைத் தொடாதீர்கள். ஃபேக்டரியில் காற்றளவு பார்த்து வைத்து, பெயின்ட் அடித்து மூடியது அது. ஐட்லிங்கை இறக்க அதைத் திருப்பினால் தகடு சுவரில் கடித்துப் பள்ளம் விழும். ஏற்றத் திருப்பினால் கால் எடுத்துவிட்டது என்பதே ஈசியுவுக்குத் தெரியாமல் போகும். அதைத் திருப்பி 'சரிசெய்த' வண்டியை மீட்பதுதான் இந்த வேலையிலேயே மிகக் கடினமானது. அதேபோல் ஒயர் வகைத் தகட்டைச் சாவி ஆனில் இருக்கும்போது விரலால் தள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடையலாம், தகடு திடீரென மூடினால் விரலும் நசுங்கும்.

சில த்ராட்டில் பாடிகளுக்குள் கூலன்ட் ஓடும். அந்த ஹோஸ்களைக் கழற்றி மாட்டும்போது காற்றுக் குமிழி அடைத்துக்கொண்டால், மெழுகால் இயங்கும் சூட்டு வால்வோ டெம்பரேச்சர் சென்சாரோ இன்ஜின் இன்னும் குளிர்ச்சி என்றே நினைத்திருக்கும், ஐட்லிங்கும் உயரத்திலேயே நிற்கும். ஆறிய இன்ஜினில் கூலன்ட்டை நிரப்பிக் காற்றை வெளியேற்றினால் பிரச்சினை அத்தோடு தீரும்.

பெடலுக்கு வண்டி பதிலே சொல்லாமல், ஐட்லிங் சற்று உயர்ந்து, பி2135 வந்தால் இது ஐட்லிங் பிரச்சினையே அல்ல. இரட்டை பொசிஷன் சென்சார்களின் கணக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஈசியு மோட்டாரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டது, ஸ்பிரிங் தகட்டை லேசாகத் திறந்து பிடித்திருக்கிறது. கனெக்டரில் வளைந்த ஊசி, எண்ணெய் ஈரம், உடைந்த பூட்டு இவற்றைப் பாருங்கள். பல வகைகளில் இரண்டு சென்சார் வோல்டேஜையும் கூட்டினால் எப்போதும் ஏறக்குறைய 5 வரும். சிலவற்றில் ஒன்று மற்றதன் பாதியாக இருக்கும். எந்த வகை என்று கையேட்டில் பார்த்துவிட்டு அளந்தால் ஒயரா பாகமா என்பது தெரிந்துவிடும். பார்க்க ஒன்றுபோல் இருக்கும் மலிவு விலைப் பாகங்களில் கனெக்டர் பொருந்தும், சென்சார் கணக்கு பொருந்தாது. பழையதைத் தூக்கிப்போடும் முன் பாக எண்ணின் கடைசி எழுத்து வரை ஒப்பிட்டு, துளை விட்டத்தை வெர்னியரால் அளந்துவிடுங்கள்.

கசிவில்லை, பேட்டரி நன்று, நிபந்தனை அனைத்தும் சரி, அப்படியும் கற்றல் மூன்று தடவை தோற்கிறது, மூடிய நிலை வோல்டேஜ் ஒவ்வொரு தடவையும் வேறு எண் காட்டுகிறது என்றால் அப்போது புதுப் பாகத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் சூடான ஐட்லிங் பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில் 650 முதல் 800க்குள் நின்று, 50க்கு மேல் ஆடாமல் இருக்க வேண்டும். ஏசியைப் போடுங்கள், ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் கடைசி வரை திருப்புங்கள், ஹெட்லைட்டை எரியவிடுங்கள். ஒரு கணம் தொய்ந்து நிமிர்ந்தால் நல்லது. பிறகு ஓட்டிப்போய் வேகத்தில் காலை எடுத்து, கிளச்சை மிதித்து உருளவிட்டுப் பாருங்கள். நின்ற இடத்தில் பிடிபடாத ஆஃப் இங்கேதான் பிடிபடும். மறுநாள் காலை இன்ஜினைத் தொடும் முன் ஸ்கேனரில் கூலன்ட் சூட்டையும் உள்ளிழுக்கும் காற்றின் சூட்டையும் ஒப்பிடுங்கள். இரவு முழுக்க ஆறிய வண்டியில் இரண்டும் சில டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். கூலன்ட் எண் மட்டும் வெகுவாகத் தாழ்ந்திருந்தால், சூடானபின்னும் 1,000த்திலேயே தொங்கும் ஐட்லிங்குக்குக் காரணம் அந்த சென்சாரோ அதன் ஒயரோதான். அதை மாற்றிவிட்டுக் கற்றலை இன்னொரு தடவை செய்யுங்கள்.